அழுந்தப் பதிந்த உருவம்



ஓசூரில் நடக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் கலை பற்றி ஏதேனும் ஒரு பொருளில் பேசலாம் என்று அமைப்பாளர்கள் உரிமை கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டது மனித உருவம் தாங்கிய அச்சோவியம். செப்புத் தகட்டிலோ மரப்பலகையிலோ லினோலியத்திலோ ஓவியர் தம் கையாலேயே கீறி, மை ஏற்றி, தாளில் அழுத்தி எடுக்கும் படத்தைத்தான் அச்சோவியம் என்கிறேன். ஒரே தகட்டிலிருந்து முப்பது, ஐம்பது படிகள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் மூலப்படைப்புதான். ஒவ்வொன்றின் கீழும் எத்தனையாவது படி என்று பென்சிலால் எண்ணிட்டு ஓவியர் கையெழுத்திடுவார். எண்ணெய் ஓவியம் ஒரு வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். அச்சோவியம் முப்பது வீடுகளுக்குப் போகும்.

ஓசூருக்கு இந்தக் கலை புதிது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் அச்சோவியத்தில் ஏறிவிட்டது. ஏற்றியவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள்.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1786இல் கல்கத்தா வந்து இறங்கினார்கள். வட இந்தியாவைச் சுற்றி வரைந்தார்கள். 1792இல் சென்னைக்கு வந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த பாராமகால் பகுதி வழியாக மைசூர் நாட்டுப் பக்கம் பயணம் செய்தார்கள். அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் பிடித்திருந்தது. கிருஷ்ணகிரிக் கோட்டையை 1791 நவம்பரில் தாக்கிப் பார்த்தும் அவர்களால் மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்தார். அந்த உடன்படிக்கையின் மை காய்ந்து சில வாரங்களுக்குள் ஓவியர்கள் இங்கே வந்துவிட்டார்கள். போர் நடந்த மலைகளைப் பார்க்க லண்டனில் ஆவல் இருந்தது, வாங்கக் கூட்டமும் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் 1795 தொடங்கி 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 அச்சோவியங்களை வெளியிட்டார்கள். அவற்றில் ஓசூர் இருக்கிறது, இராயக்கோட்டை இருக்கிறது, பர்கூர் பக்கத்து ஜெகதேவிக் கோட்டை இருக்கிறது. அக்வாடிண்ட் என்ற முறையில் செய்தவை. செப்புத் தகட்டின்மேல் ரோசின் தூளைப் படியவிட்டு, அடியில் சூடு காட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குவார்கள். தூள்மணிகளுக்கு இடையில் உள்ள செம்பை மட்டும் அமிலம் தின்னும். எவ்வளவு நேரம் தின்ன விடுகிறோமோ அவ்வளவுக்கு அந்த இடம் கருக்கும். மலைப்பாறையின் நிழல், வானத்தின் சாம்பல் எல்லாம் இப்படித்தான் வந்தன.

அவை திறமையான படங்கள். இராயக்கோட்டைப் பாறையின் திரட்சியை அவர்கள் அளவுக்கு இன்றும் யாரும் காட்டவில்லை. அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் படங்களில் மனிதர்களைத் தேடிப் பாருங்கள். இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் விரல்நகம் அளவுக்கு இருக்கிறார்கள். மலை எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், அதற்காக வைக்கப்பட்ட ஆட்கள் அவர்கள். முகம் கிடையாது. கோட்டை முற்றுகையில் வீடிழந்தவர் யார், படைக்குத் தானியம் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தவர் யார் என்று கேட்டால் அந்தத் தகடுகளில் பதில் இல்லை. எட்ட நின்று வரைந்தவர்கள் எட்டத்தில் தெரிந்ததை வரைந்தார்கள்.

பின்னால் வந்த எத்தனையோ படங்களும் இந்தத் தூரத்தைக் குறைக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. இன்று ஓசூரைப் பற்றி அச்சாகும் படங்களைப் பாருங்கள். தொழிற்சாலையின் முகப்பு, மேம்பாலம், பசுமைக் குடிலில் ரோஜா வரிசை, மேலிருந்து டிரோன் எடுத்த நிலம். ஆட்கள் அதே விரல்நகம் அளவுதான்.

கிட்ட நின்று பதித்த ஒரு மரபு இந்த மண்ணில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் நடுகற்களின் நாடு. ஆநிரை கவர வந்தவர்களை எதிர்த்து இறந்தவர், மீட்கப் போய் இறந்தவர், புலியோடு போராடி இறந்தவர், ஊருக்காகத் தலை கொடுத்தவர் என எத்தனையோ பேருக்குக் கல் நட்டிருக்கிறார்கள். தமிழில் எழுத்துள்ள கல் உண்டு, வட்டெழுத்தில் உண்டு, ஓசூர்ப் பக்கம் கன்னடத்திலும் உண்டு. கங்கர், நுளம்பர், பாணர், பல்லவர் என ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எல்லைகள் நகர்ந்தன. செத்தவனுக்குக் கல் நடும் வழக்கம் மட்டும் எந்த எல்லையிலும் நிற்கவில்லை. 1970களில் நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராகப் போய் இவற்றைத் தேடியது. 'செங்கம் நடுகற்கள்' நூல் 1972இல் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கற்களின் அருமை வெளியுலகுக்குச் சரியாகப் புலப்பட்டது.

ஒரு பழைய நடுகல்லின் முன் நின்று பாருங்கள். வீரனின் இடது கையில் வில், வலது கையில் வாள். கால்கள் எட்டு வைத்து நகர்கின்றன. குடுமி பின்பக்கம் முடிந்திருக்கிறது. சில கற்களில் மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருக்கின்றன, ஆனாலும் அவன் முன்னேதான் போகிறான். கால்மாட்டில் கெண்டியும் சிமிழும் சிறியதாக. மாடுகள் இருந்தால் அவையும் சிறியதாக. உளி பிடித்தவருக்குக் கோயில் சிற்பிக்கு இருந்த சாத்திரப் பயிற்சி இல்லாமல் இருக்கலாம். அளவு பிசகியிருக்கும். வாள் பிடித்த கை தொடையை விடப் பருத்திருக்கும். அப்படிப் பருத்திருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தக் கை செய்த காரியத்தைச் சிற்பி நினைத்துக்கொண்டே செதுக்கியிருக்கிறார். உணர்ச்சி எங்கே கனக்கிறதோ அங்கே உருவம் பருக்கிறது. ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையே ஒரு கொள்கையாக அறிவித்து, ஓவியர்கள் கூட்டம் கூட்டமாக மரச்செதுக்கில் இறங்கினார்கள். நம் ஊர்க் கல்தச்சர் எந்த அறிவிப்பும் இல்லாமல் அதைச் செய்திருந்தார்.

தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல். கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபட்டான். அவனோடு அவன் நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் அது கள்வர்களைக் கடித்துக் காவல் காத்தது என்றும் கல் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர், ஒரு நாயைக்கூடப் பெயர் சொல்லி, உருவம் கொடுத்து நினைவில் வைத்தது.

இனி இந்தக் கற்களைப் படிக்கும் முறைக்கு வருகிறேன். கல்வெட்டாய்வாளர்கள் மைப்படி எடுப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். முதலில் கல்லை நார்ப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறார்கள். கெட்டித் தாளை நனைத்துக் கல்லின்மேல் விரிக்கிறார்கள். பிறகு முரட்டுப் பிரஷ்ஷால் தாளின்மேல் ஓங்கி ஓங்கித் தட்டுகிறார்கள். எழுத்தின் பள்ளத்துக்குள், உருவத்தின் ஓரங்களுக்குள் தாள் இறங்குகிறது. கொஞ்சம் உலர்ந்ததும் துணி உருண்டையால் கரிமையை ஒற்றுகிறார்கள். மேடான இடம் கறுக்கிறது, பள்ளம் வெள்ளையாக நிற்கிறது. உரித்தெடுத்தால் வீரன் தாளில் நிற்கிறான்.

தொல்லியலாளருக்கு இது எழுத்தைப் படிக்க உதவும் கருவி. ஓவியர் கண்ணுக்கு இது முழுமையான அச்சோவியம். தாள், மை, அழுத்தம், மேடு பள்ளம் என்று அச்சோவியத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. சொல்லப்போனால் ஒரு வசதி கூடுதலாகவே இருக்கிறது. மரச்செதுக்கில் மை பலகைமேல் இருப்பதால் படம் இடவலமாகத் திரும்பிவிடும், ஓவியர் எல்லாவற்றையும் தலைகீழாக யோசித்துச் செதுக்க வேண்டும். மைப்படியில் மையைத் தாளின் வெளிப்பக்கம் ஒற்றுவதால் உருவம் திரும்பாமல் அப்படியே நேராக வருகிறது. எடுத்தவரின் கைப்பலமும் அதில் தெரியும். அழுத்தி ஒற்றியவரின் படி ஒரு மாதிரி, மெல்ல ஒற்றியவரின் படி வேறு மாதிரி. ஓரிடத்தில் தாள் கிழிந்திருக்கும், ஓரிடத்தில் பாசி படிந்த கல் மையைப் பிடிக்க மறுத்திருக்கும். அந்தக் குறைகளோடு பார்க்கும்போது வீரனின் உடல் கல்லில் இருப்பதைவிடச் சில நேரம் உயிரோடு தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கல்வெட்டு மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அந்த வழக்கு எழுத்துகளுக்காக நடந்தது. அதுபோல உருவங்களுக்காகவும் நாம் அந்தத் தாள்களைக் கேட்க வேண்டும். நடுகல் மைப்படிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஓவியக் கண்காட்சியாக ஓசூரில் வைத்தால், இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் எத்தகைய கலையைக் கொண்டது என்று அறிவார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். இறந்த வீரனின் உருவத்தைப் பதிப்பது பழைய வழக்கம், இன்றைய மனிதனின் உடலைப் பதிப்பதால் என்ன ஆகும்? அதற்கு நான் ஒரு பிரிட்டன் ஓவியரைத்தான் சான்றாகக் கூப்பிடுவேன்.

பவுலா ரேகோ 1935இல் லிஸ்பனில் பிறந்தார். லண்டன் ஸ்லேட் கலைப் பள்ளியில் படித்து, பின்னர் பிரிட்டனில் குடியேறி வாழ்ந்து, 2022இல் காலமானார். போர்ச்சுகலில் அந்நாளில் கருக்கலைப்பு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, குற்றம். வசதியுள்ளவர்கள் வெளிநாடு போய்வந்தார்கள். ஏழைப் பெண்கள் மறைவிடங்களுக்குப் போய் உடல் கெட்டார்கள், உயிரும் விட்டார்கள். 1998இல் இந்தச் சட்டத்தை மாற்றலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. மாற்றத்தை ஆதரித்தவர்கள் மிகக் குறைந்த வேறுபாட்டில் தோற்றார்கள். வாக்களிக்க வராதவர்களே பெரும்பான்மை. அந்த அலட்சியம்தான் ரேகோவைக் கோபப்படுத்தியது. முதலில் பேஸ்டல் ஓவியங்களாக வரைந்தார். பிறகு அதே பொருளை, கீறிய கோடுகளை அமிலத்தால் ஆழப்படுத்தும் எச்சிங் தகடுகளில் கீறினார். படம் ஒரு சுவரோடு நின்றுவிடக் கூடாது, நிறையப் பேரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம்.

அந்த எச்சிங் படங்களில் என்ன இருக்கிறது? ஓர் அறை. ஒரு கட்டில், அல்லது நாற்காலி, அல்லது ஒரு வாளி. ஒரு பெண். ஒரு படத்தில் பள்ளிச் சீருடை. ரத்தம் ஒரு துளிகூடக் காட்டப்படவில்லை. மருத்துவர் இல்லை, உறவினர் இல்லை. வலியில் உடல் மடங்கியிருக்கிறது, முழங்கால் மார்போடு ஒட்டியிருக்கிறது, கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருக்கிறது. சில பெண்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். இரக்கம் கேட்கிற பார்வை அன்று அது. தாங்கள் செய்வது என்னவென்று அறிந்து, அதைத் தாங்கிக்கொண்டிருப்பவர்களின் பார்வை. உடல் கனமாக, திரண்டு, தரையில் ஊன்றி இருக்கிறது. நடுகல் வீரனின் கையில் நான் பார்த்த அதே கனம்.

2007இல் மறுபடி வாக்கெடுப்பு நடந்தபோது இந்தப் படங்கள் போர்ச்சுகல் செய்தித்தாள்களில் அச்சாயின. இந்த முறை மாற்றத்துக்கு ஆதரவு கிடைத்தது, சட்டம் திருந்தியது. ஒரு சட்டம் திருந்த எத்தனையோ பேருடைய உழைப்பு வேண்டும், படங்களால் மட்டும் அது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாதங்களில் மறைந்திருந்த உடல் அந்தப் படங்களால் நடுக்கூடத்துக்கு வந்தது. அதைப் பார்த்த பிறகு, பார்க்காதவர்போலப் பேச யாராலும் முடியாது.

இதை இந்த மாவட்டத்தில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டம் ஆனது, அதுவரை தருமபுரியோடு இருந்தோம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. அந்தக் குழந்தைகளைப் பற்றி அரசாணைகள் இருக்கின்றன, ஆய்வறிக்கைகள் இருக்கின்றன, புள்ளிவிவரங்கள் இருக்கின்றன. தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்த தாயின் முதுகை யாராவது ஒரு தகட்டில் கீறியிருக்கிறார்களா? அவள் எப்படி நடந்திருப்பாள்? மார்பில் பால் கட்டியிருக்கும் அல்லவா? அறிக்கைகளில் இதற்கு இடமில்லை. ஓவியத்தில் இடம் இருக்கிறது. அந்த இடத்தை நாம் காலியாக விட்டிருக்கிறோம்.

இந்திய ஓவியர்கள் இத்தகைய பொறுப்பைத் தட்டிக்கழித்தவர்கள் அல்லர். வங்காளப் பஞ்சத்தில் சாகிறவர்களை 1943இல் ஊர் ஊராக நடந்து வரைந்த சித்தபிரசாத்தின் படநூலைப் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி எரித்தது. வேலை செய்யும் குழந்தைகளை அவர் பின்னர் லினோகட்டில் செதுக்கினார். சோம்நாத் ஹோர் 1970களில் 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தார். பரப்பில் கத்தியாலும் சூட்டுக்கோலாலும் காயம் உண்டாக்கி, அதிலிருந்து அச்சு எடுத்து, காகிதக்கூழை அதன்மேல் அழுத்தினார். மையே இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். நனைந்த தாள் கல்லின் வெட்டுக்குள் இறங்குவதை மைப்படியில் பார்த்துப் பழகிய நமக்கு ஹோரின் படைப்பு எளிதில் விளங்கும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். நம் மாவட்டத்தை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில் 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி. சாந்திநிகேதனில் படித்தார், சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தார். பிறகு லண்டன் வழியாகப் பாரிஸ் போனார். ஆங்கிலேய அச்சோவியர் ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் 1927இல் தொடங்கிய 'ஆத்லியே 17' பட்டறையில் சேர்ந்தார். ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தத்தில் பல வண்ணங்களை எடுக்கும் முறையை அங்கே கைகோத்து உருவாக்கினார்கள். 1968இல் பாரிஸ் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது ரெட்டி 'டெமான்ஸ்ட்ரேட்டர்ஸ்' என்ற அச்சோவியத்தைச் செய்தார். நெருக்கியடித்து நிற்கும் மனிதர்கள் கோடுகளாகவும் ஒளியாகவும் எழுகிறார்கள்.

அந்தப் பல வண்ண முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஓசூர் அதைப் பாரிஸைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ளும். தகட்டில் ஆழம் பல அடுக்காக இருக்கும். கெட்டியான ரப்பர் ரோலர் மேற்பரப்பை மட்டும் தொடும். மென்மையான ரோலர் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மையில் எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் பாகுத்தன்மையை மாற்றினால், எண்ணெய் குறைந்த மை எண்ணெய் மிகுந்த மையின்மேல் ஒட்டாது. இப்படி ஒரு வண்ணம் இன்னொன்றோடு கலக்காமல் விலகி நிற்கும். பாரிஸில் கலைஞர்கள் இதைக் கண்டறியப் பல ஆண்டுகள் போராடினார்கள். ரப்பரின் கடினத்தை எண்ணில் அளப்பதும், எண்ணெயின் விஸ்காசிட்டி பார்ப்பதும் இங்குள்ள தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் தினசரி வேலை. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைக்கு இதை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பிற நுட்பங்களும் அப்படியே. எலக்ட்ரானிக்ஸ் படித்த மாணவர்கள் சர்க்யூட் போர்டில் வேண்டாத செம்பைக் கரைக்க ஃபெர்ரிக் குளோரைடு பயன்படுத்துகிறார்கள். இன்றைய அச்சோவியர் செப்புத் தகட்டை அரிக்க வைப்பதும் அதில்தான். டேனியல்கள் தூவிய ரோசின், சால்டரிங் செய்கிறவர் கையிலும் ஃபிளக்ஸாக இருக்கிறது. தகட்டை மட்டமாகத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றத் தெரிந்த கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. எச்சிங் பிரஸ் என்பது இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓடும் ஓர் இரும்பு மேசை. அழுத்தம் சீராக இருக்க வேண்டும், உருளை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று 1980களில் இங்கே எழுந்த ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகள் பெருகின. அந்தப் பட்டறைகளில் எதுவும் இந்த இயந்திரத்தைச் செய்துவிடும். சென்னை ஓவியக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே தொழிற்கலைப் பள்ளியாகியது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். கைத்தொழிலும் கலையும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஆர்.பி. பாஸ்கரன், ஆர்.எம். பழனியப்பன் போன்ற பெரிய அச்சோவியர்கள் அந்தக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள்.

கருவியும் கைத்திறனும் இருக்கின்றன. எதைப் பதிப்பது?

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகளைப் பாருங்கள். அஞ்செட்டி, தளி, சூளகிரி, ஊத்தங்கரை என்று ஊர்ப் பெயர் ஒட்டிய பேருந்துகள். இன்று அவற்றில் பெண்கள் மிகுதி. கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கும் இருபது வயதுப் பெண்ணின் கழுத்து எந்தக் கோணத்தில் மடிந்திருக்கிறது? எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்தவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதத்தை இன்னொரு காலின்மேல் எப்படி வைக்கிறார்? பிரஸ் ஷாப்பில் விரலிழந்தவர் தேநீர் டம்ளரைப் பிடிப்பதற்குத் தானே ஒரு முறை கண்டுபிடித்திருப்பார், அந்தப் பிடி எப்படி இருக்கிறது? பசுமைக் குடிலில் ரோஜா பறிப்பவரின் முன்கை, கிரானைட் குவாரியில் துளையிடும் இயந்திரத்தோடு அதிரும் தோள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எட்டுப் பேர் ஒரே அறையில் முறைவைத்துப் படுக்கும் இளைஞர்களின் கால்கள். இவற்றை ஒளிப்படமும் காட்டும்தான். ஒளிப்படம் ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. தகட்டில் கீறுகிறவர் அந்தக் கழுத்தோடு பல நாட்கள் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் அமிலத்தில் ஆழப்படுத்தும்போது, இது எவ்வளவு வலித்திருக்கும் என்று தானாகவே கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்வி கோட்டில் இறங்கும்.

2023 அக்டோபர் 7ஆம் தேதி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து கூப்பிடு தூரம். இறந்தவர்களில் பலர் தீபாவளி நேரத்துக் கூலிக்காக வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள். அதே ஆண்டு ஜூலை 29ஆம் தேதி கிருஷ்ணகிரி நகரிலேயே பட்டாசுக் கடை வெடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். அரசு நிவாரணம் கொடுத்தது, வழக்குப் பதிந்தது. அவர்கள் முகங்கள் இரண்டு நாள் தொலைக்காட்சியில் வந்து போயின. இதே நிலத்தில் மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஆயிரம் ஆண்டுகளாகக் கல் நிற்கிறது. கூலிக்குப் போய்ச் செத்தவனுக்கு நாம் என்ன நட்டோம்? அந்த வீடுகளில் துயரம் இன்னும் ஆறவில்லை. அனுமதி கேட்டு, காத்திருந்து, அந்தத் தாய்மார்கள் சம்மதித்தால் மட்டும் அந்தப் பிள்ளைகளை வரைய வேண்டும். சம்மதிக்காவிட்டால் வரையக் கூடாது. நடுகல் காலத்தில் கல் நட்டவர்கள் உறவினரும் ஊராரும்தான். வெளியாள் வந்து நட்டுவிட்டுப் போகவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உடனே தகடு வாங்க ஓட வேண்டாம். செப்புத் தகடு விலை அதிகம். எம்.டி.எஃப். பலகைத் துண்டு தச்சுப் பட்டறைகளில் சும்மாவே கிடைக்கும். ஒரு செதுக்குக் கத்தி, கொஞ்சம் அச்சு மை, ஒரு சிறிய ரோலர், அழுத்தித் தேய்க்க ஒரு மரக்கரண்டி. இவை போதும், பிரஸ்கூட வேண்டாம். முதலில் வீட்டில் உள்ளவரை வரையுங்கள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து உட்காருகிற அந்த உட்காரலை வரையுங்கள். பத்துப் பலகை வீணாகட்டும். பதினோராவதில் தோள் தோளாக வரும். அமிலம், ஃபெர்ரிக் குளோரைடு பக்கம் பெரியவர்கள் இல்லாமல் போகாதீர்கள். கழிவை வடிகாலில் ஊற்றாதீர்கள். தென்பெண்ணை ஏற்கெனவே நம்மால் போதுமான அளவு துன்பப்பட்டுவிட்டது.

அறக்கட்டளையாருக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் சொற்பொழிவு நடக்கட்டும். அதோடு ஓராண்டு வட்டித் தொகையை ஒரு பிரஸ் செய்ய ஒதுக்குங்கள். வடிவமைப்பு வரைபடத்தை நான் தருகிறேன். உள்ளூர் லேத் பட்டறை ஒன்றில் செய்யலாம், இரும்பு செலவும் கூலியும் மட்டும்தான். மாநகராட்சி நூலகக் கட்டடத்திலோ கல்லூரி ஒன்றிலோ ஓர் அறை கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறந்து வைக்கலாம். மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வரட்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி எது பேசுகிறவரானாலும் வரட்டும். முதல் ஆண்டு பத்துத் தகடுகள் செய்வோம், ஒவ்வொன்றிலும் முப்பது படிகள் எடுப்போம். ஒரு படி உருவத்துக்கு உட்கார்ந்தவரின் வீட்டுக்கு. ஒரு படி கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு, அங்குள்ள நடுகற்களின் பக்கத்தில் வைக்க. ஒரு படி வேலை நடந்த ஆலையின் உணவுக்கூடத்துக்கு, நிர்வாகம் ஒப்புக்கொண்டால். மீதியை விற்று அடுத்த ஆண்டுத் தாளுக்கும் மைக்கும் வைத்துக்கொள்வோம்.

முதல் தகட்டுக்கு உட்கார ஆள் தேடி வலைவீச வேண்டியதில்லை. இந்த அரங்கின் பின்வரிசையில் ஷிப்ட் முடித்துச் சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் சிப்காட் தோழர்களில் யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் வந்து கேட்கிறேன்.